கடலைக்கொடி தின்னாத குட்டிகள்

ஐம்பத்தேழில் எங்கள் காட்டில் சோளத்துக்குப் பதிலாக நிலக்கடலை போடச் சொன்னது நான்தான். மழை ஏமாற்றிய வருஷம். கடலை ஏதோ தப்பித்தது. ஆனால் சோளத்தட்டை இல்லை, வேடசந்தூர்ப் பக்கம் எங்கும் புல்லும் இல்லை. கறிக்கென்று வளர்த்த ஆறு செம்மறிக்குட்டிகளுக்குப் போட, காய் ஆய்ந்த கடலைக்கொடிதான் மிச்சம்.

மண் போக உதறித்தான் போட்டேன். ஆறும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. புது மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு பிகு இருக்காது. இரண்டாம் நாள் வயிறு ஒட்டிவிட்டது.

என் வீட்டுக்காரர் சங்கிலி பட்டியை எட்டிப் பார்த்தார்.

"வெள்ளாமைய மாத்துனது நீ. வியாழக்கிழம சந்தையில இதுகளத் தள்ளிட்டு வாரேன். இனிமே காட்டுல என்ன போடணும்னு நீ வாயத் தொறக்காத."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷமாக அந்தக் காட்டில் களை வெட்டுகிறவள் நான். அதில் என்ன விதைப்பது என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் இருக்கக்கூடாதா?

புதன்கிழமை காலையில் பக்கத்து வீட்டு சைனம்பு அக்காவின் வெள்ளாட்டுக்குட்டி வேலி தாண்டி வந்து, களத்தில் கிடந்த கொடியில் வாய் வைத்தது. மற்ற நாளாக இருந்தால் கல்லெடுத்திருப்பேன். அன்று பார்த்துக்கொண்டே நின்றேன். செம்மறி தானாக எதிலும் இறங்காது. முன்னால் ஒன்று போனால் போதும்.

"அக்கா, ஒங்க குட்டிய செத்த நேரம் எங்க பட்டியில விடட்டுமா?"

"அந்தக் களவாணியவா? விடு மூக்காயி. திருப்பித் தரலேன்னாலும் கேக்க மாட்டேன்."

களவாணி உள்ளே போனதும் கொடிமேல் ஏறி நின்று மொறுமொறுவென்று தின்றது. ஆறும் பார்த்தன. கடைசிக் குட்டி மெல்ல வந்து, அதன் வாயில் தொங்கிய இலையைப் பிடித்து இழுத்தது. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்தன. மத்தியானம் வெறும் காம்புதான் கிடந்தது. நான் பட்டிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வியாழக்கிழமை கயிற்றோடு வந்த சங்கிலி, குட்டிகள் தின்பதைப் பார்த்தார். கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

தையில் திண்டுக்கல் கறிக்கடைக்காரர் வந்து குட்டிகளின் முதுகை அழுத்திப் பார்த்தார்.

"பஞ்சத்துல இம்புட்டுச் சதையா? என்னத்தப் போட்டீங்க?"

"அவளக் கேளுங்க" என்றார் சங்கிலி.

ஆடியில் மழை விழுந்தது. சங்கிலி காலி விதைப்பெட்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"புள்ள, இந்த வருசம் என்ன போடலாம்?"

உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். ஆனாலும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று உலையில் அரிசியைப் போட்டேன்.