மலரின் வண்டி போட்ட விசில்

காசிமேட்டில் மீன் எடுக்கும் பெண்களை மீஞ்சூர் மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போவது மலரின் பிழைப்பு. பழைய ஆம்னி வண்டி. பின்சீட்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டாள். அந்த இடத்தில் ஐஸ் போட்ட கூடைகள் ஏறும், கூடைகளுக்கு நடுவில் பெண்கள் ஏறுவார்கள், எல்லோருக்கும் மேலாக அவர்களுடைய பேச்சு ஏறும். சுனாமியே வந்தாலும் அந்த வண்டிக்குள் இருப்பவர்களுக்குக் கேட்காது என்று மலரின் புருஷன் உதயா சொல்வான்.

உதயா மெக்கானிக். திருவொற்றியூரில் ஒரு தகரக் கொட்டகைதான் அவனுடைய ஒர்க்‌ஷாப். யார் வண்டி வந்தாலும் வாயால் வம்பளந்துகொண்டே வேலை பார்ப்பான். மலரின் வண்டி வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

பங்குனி வெயிலில் ஒருநாள், எண்ணூர் ரோட்டில் அந்த ஆம்னியின் டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. என்ஜினின் மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கிற பல் வைத்த ரப்பர் பட்டை அது. அது போனால் என்ஜின் இல்லை. முன்னால் கண்டெய்னர் லாரி, பின்னால் கண்டெய்னர் லாரி, நடுவில் வண்டி பொசுக்கென்று நின்றது. பெண்கள் இறங்கி ஓரத்துக்குத் தள்ளினார்கள். போன் வந்து உதயா பைக்கில் பறந்துபோனபோது, மலர் ரோட்டில் நின்று கையைக் காட்டி லாரிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு டிரெய்லர் அவள் துப்பட்டாவைப் பறக்கவிட்டுக்கொண்டு போயிற்று.

"இன்னாய்யா, இவ்ளோ நேரமா வர்ற?" என்று சிரித்தாள் அவள். உதயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கயிற்றை எடுத்து வண்டியைக் கட்டி இழுக்கிற வேலையில் இறங்கினான்.

அன்றைக்கே புது பெல்ட் போட்டுக் கொடுத்தான். மறுநாளே வண்டி விசிலடிக்கத் தொடங்கியது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, சீட்டுக்கு அடியிலிருந்து மெல்லிசாக ஓர் 'ஙீ' கிளம்பி மேலே போகும். காலை எடுத்தால் இறங்கும்.

"யோவ், வண்டி கத்துதுய்யா," என்றாள் மலர்.

"புது பெல்ட்டும்மே. அப்டித்தான் கத்தும்... ஓடி ஓடிப் படிஞ்சிடும்."

ஒரு வாரம் ஓடியும் படியவில்லை. கூடைக்காரிகளில் மூத்தவள் நீலாக்கா. அவள் காதைத் தீட்டிக்கொண்டு, "மலரு, உன் வண்டி ஒப்பாரி வைக்குதுடி. மெக்கானிக்குப் பொண்டாட்டி வண்டியா இது?" என்றாள். வண்டி முழுக்கச் சிரிப்பு. மலரும் சேர்ந்து சிரித்தாலும், வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே உதயாவிடம் சொன்னாள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நீலாக்கா மீன்ல செவுள் பாக்கட்டும். என்ஜின நான் பாத்துக்குறேன்."

"அப்போ பாருய்யா. அதத்தான நானும் சொல்லிக்கினு கீறேன்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் கரையேறியதும் மலருக்கும் சவாரி குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சாவியை எடுத்து உதயாவின் முன்னால் ஆட்டினாள். "வா, ஒரு ரவுண்டு. வாயத் தொறக்காம பக்கத்துல குந்திக்கினு வா. அது போதும்."

கூடையும் பேச்சும் இல்லாத வண்டி வெறிச்சென்று இருந்தது. எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறும்போது மலர் ஆக்சிலேட்டரை அழுத்தினாள். 'ஙீ...' உதயா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். பாலத்தின் உச்சி வருவதற்குள் அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"கடைக்கு வுடு," என்றான்.

கொட்டகையில் முன்சீட்டைத் தூக்கி, பெல்ட்டின் மூடியைக் கழற்றினான். கட்டைவிரலால் பெல்ட்டை அமுக்கினான். தந்திக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. மலரும் குனிந்து அமுக்கிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, இப்டி முறுக்கி வெச்சிக்கீற?"

பெல்ட்டின் பக்கத்தில் ஒரு சின்ன உருளை இருக்கிறது. அதை ஒரு ஸ்பிரிங் பெல்ட்டின் மேல் இழுத்துப் பிடிக்கும். அந்த ஸ்பிரிங் இழுக்கிற அளவு போதும். உதயா அதை நம்பாமல் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பி, இன்னும் தள்ளி, போல்ட்டை முடுக்கியிருந்தான்.

"தெரியாமச் செய்யலம்மே," என்றான் தலையைத் தூக்காமல். "மாட்டும்போது அந்த டிரெய்லருதான் கண்ணுக்குள்ள வந்துது. லூஸா வுட்டா பல்லு தாண்டும், மறுபடியும் நடுரோட்டுல நிப்பியேன்னு... கை தானா இழுத்துடுச்சி."

மலர் கொஞ்சநேரம் அவன் பிடரியையே பார்த்தாள். அங்கே கிரீஸ் அப்பியிருந்தது. துப்பட்டா முனையால் அதைத் துடைத்தாள்.

"இதே மாரி இழுத்துக் கட்னா சீக்கிரமே மறுபடி அறுந்துடும்ல?"

"ஆமா. அந்த உருள பேரிங்கும் பூடும்."

"அப்போ அவுத்துடு."

அவிழ்த்தான். இந்த முறை பயம் மறுபக்கமாகப் போய்விட்டது. எங்கே மறுபடியும் இறுக்கிவிடுவோமோ என்று, உருளையைத் தொட்டும் தொடாமலும் வைத்து, என்ஜினைக் கையால் சுற்றிக்கூடப் பார்க்காமல் அவசரமாகப் போல்ட்டை முடுக்கினான். மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்ததும் உள்ளே சடசடவென்று பெல்ட் மூடியில் அடித்தது. பதறிப்போய் ஆஃப் பண்ணினான்.

மலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இப்போ கை தட்டுதுய்யா!"

உதயா முறைக்கப் பார்த்தான். முடியாமல் அவனும் சிரித்துவிட்டான். இருவரும் அங்கேயே டயர் மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"உனக்குப் பதட்டம்," என்றாள் மலர். "ஸ்பேனர என்னாண்ட குடு. நான் சுத்துறேன், நீ பாரு."

மூன்றாவது முறை நிதானமாக நடந்தது. உதயா மேல் சக்கரத்திலும் கீழ்ச் சக்கரத்திலும் வெட்டியிருக்கும் குறிகளைச் சரிபார்த்து பெல்ட்டை மாட்டினான். உருளையின் போல்ட்டுகளை லூஸாகவே விட்டு, ஸ்பிரிங்கை மாட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். மலர் கீழ்ச் சக்கரத்தின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு, என்ஜின் ஓடுகிற பக்கமாகவே மெல்லச் சுற்றினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பெல்ட்டில் ஒளிந்திருந்த தொய்வெல்லாம் நகர்ந்து உருளையின் பக்கம் வந்தது. ஸ்பிரிங் அதைத் தன் போக்கில் இழுத்துக்கொண்டது.

"நிறுத்து. குறி ரெண்டும் நேரா கீது," என்று சொல்லிப் போல்ட்டுகளை முடுக்கினான். கட்டைவிரலை வைத்து அமுக்கினான். கொஞ்சம் கொடுத்தது, விட்டதும் திரும்பி வந்தது.

ஸ்டார்ட் செய்தார்கள். விசிலும் இல்லை, கைதட்டலும் இல்லை. என்ஜின் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு ஓடியது.

"சோக்கா கீது," என்றாள் மலர்.

"மீஞ்சூர் வரைக்கும் போய்ப் பாத்துடலாம்," என்றான் அவன். "இங்க நல்லாத்தான் ஓடும். ரோட்டுல பாக்கணும்."

போனார்கள். உதயா காதை சீட்டின் பக்கம் சாய்த்தபடியே வந்தான். மலர் பேச்சுக் கொடுத்தால், "தோ, இரு, கேக்கட்டும்," என்று கையை உயர்த்தினான். லாரிகள் வரிசைகட்டிய இடத்தைத் தாண்டினார்கள். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் பின்னால் போயின. சற்று நேரத்தில் அவளே கேட்டாள்: "இன்னாய்யா, எதுனா கேக்குதா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சாய்த்த தலை சாய்ந்தபடியே இருக்க, வாயைத் திறந்துகொண்டு உதயா தூங்கிப்போயிருந்தான். பெல்ட் அறுந்த நாளிலிருந்து, அவள் வண்டி எடுத்துப்போகிற விடியற்காலைகளில் எல்லாம் அவன் விழித்தே கிடந்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

முன்னால் ஒரு பள்ளம் வந்தது. மலர் பிரேக்கை மெதுவாக மிதித்து, அவன் தலை குலுங்காதபடி வண்டியை ஓரமாக ஒடித்து ஓட்டினாள்.