பதினாலாவது மாடியில் இறங்கிய கம்ப்யூட்டர்

"உலகத்துல இருக்கிற அத்தனை கம்ப்யூட்டரையும் ஒண்ணா உட்கார வச்சாலும் தலைசுத்துற ஒரு நகர்வை, நான் தும்மிக்கிட்டே வச்சேன்!"

லிஃப்ட்காரர் இப்படி அறிவித்ததும் செஸ் கிளப் சுவரில் இருந்த கடிகாரமே ஒரு நொடி நின்று சிரித்தது. காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர்.

"தும்மல்ல கை தவறிடுச்சுன்னு சொல்லுங்க மாமா" என்றார் கிளப் கேப்டன். அவர் லிஃப்ட்காரரின் மச்சினன், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வண்டி ஓட்டிய காலத்தில் ஒரு ஸ்டாப்பிலும் முழுசாக நிறுத்தாத மனுஷன். "யானையைச் சும்மா தூக்கிக் குடுத்தீங்க. எதிராளி பயந்து தோத்தான், நீங்க ஜெயிச்சீங்க. அவ்வளவுதான்."

கிளப்பில் ஒரு வழக்கம். மேட்ச் முடிந்ததும் எல்லா ஆட்டத்தையும் லேப்டாப்பில் செஸ் இன்ஜினுக்கு, அதாவது நகர்வுகளுக்கு மார்க் போடும் புரோகிராமுக்கு, காட்டுவார்கள். ஒரு நகர்வுக்கு ரெண்டு செகண்ட். மோசமான நகர்வு வைத்து சிவப்புக் கேள்விக்குறி வாங்கியவருக்கு அடுத்த மேட்சில் இடமில்லை. அடுத்தது ஃபைனல்! அதில் ஆடத்தான் லிஃப்ட்காரர் புதுச் சட்டையே தைத்து வைத்திருந்தார்.

லேப்டாப்பில் யானை நகர்ந்தது. ரெண்டு செகண்ட். மைனஸ் நாலு, அதாவது தோற்கிற ஆட்டம். கேள்விக்குறி ரத்தமாய்ச் சிவந்தது.

"முடிஞ்சுது" என்று ஃபைனல் பட்டியலில் மாமாவின் பெயரை அழித்துவிட்டு கேப்டன் லேப்டாப்பை மூடப் போனார்.

லிஃப்ட்காரர் நடுவில் கையை வைத்தார். "இரு மாப்ள. ஓரத்துல ஆழம் பதினாலுன்னு போட்டிருக்கு பாரு. பதினாலு நகர்வு வரைக்கும்தான் எட்டிப் பார்த்திருக்கு. பதினாலாவது மாடியில இறங்கிட்டு, இந்தக் கட்டடத்துக்கு மொட்டை மாடியே இல்லங்குது! ரெண்டு செகண்ட் கட்டுப்பாட்டை எடுத்துட்டு ஓட விடு."

"எவ்வளவு நேரம்?"

"உனக்குப் பொறுமை வர்ற வரைக்கும்."

ஆழம் இருபதைத் தொட்டது. மைனஸ் நாலரை. "இன்னும் கீழ போகுது" என்று கேப்டன் குதித்தார். லிஃப்ட்காரர் திரைக்கு இன்னும் கிட்டக் குனிந்தார். உண்மையிலேயே கை தவறிவிட்டதோ? தும்மல் பெரிய தும்மல்தான்.

லேப்டாப் விசிறி போட்ட சத்தத்தில் ஜன்னல் திரை பறந்தது. அதன் சூட்டில் ஈரத்துணி காயப் போட்டிருக்கலாம். ஆழம் இருபத்தெட்டில் மைனஸ் ரெண்டு. கேப்டன் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். முப்பத்தொன்றில் பூஜ்யம்! இன்ஜின் காட்டிய வரிசையில் லிஃப்ட்காரரின் ராஜா, யானையைக் கொடுத்துவிட்டு, காவலுக்கு ஒரு ஆளில்லாமல் கட்டம் கட்டமாகப் பலகையைத் தாண்டி எதிரி ராஜாவின் வாசலுக்கே நடந்துகொண்டிருந்தது.

"பேட்டரி!" என்று அலறினார் கேப்டன். திரை மங்கியது. அவரே ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சார்ஜரைச் சொருகினார்.

முப்பத்தைந்து. எண் ஒரு தடவை நடுங்கியது.

பிளஸ் ஆறு.

சிவப்பு போய், அபார நகர்வுக்கான ரெண்டு ஆச்சரியக்குறிகள் பச்சையாய் நின்றன.

"ராஜா நடக்கும்னு உங்களுக்குத் தெரியுமா மாமா? நிஜமா?"

"ராஜா நடக்குறது தெரிஞ்சுதான் யானையை எடுத்தேன். வைக்கும்போதுதான் தும்மல் வந்துச்சு."

கேப்டன் திரையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். பிறகு ஃபைனல் அணியின் நாலாவது இடத்தில் அழித்திருந்த பெயரைத் தானே திரும்ப எழுதினார்.

"ஒத்துக்கிறேன். தும்மிக்கிட்டேதான் வச்சீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன், என் சட்டையெல்லாம் தெறிச்சுது."