டூஃபி வாங்காத பழி

என் அக்கா டூஃபி குமாசிச் சந்தையில் இருபத்திரண்டு வருடங்களாகத் துணி விற்கிறாள். அவள் கணவர் அசியாமா அறிவியல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துவார். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பாடகர்கள் தப்பாகப் பாடினால்கூடக் கையை இறக்கிவிட்டு, அவர்களாக நிறுத்தும்வரை காத்திருப்பார். ஒரே மகள் அப்ரெஃபி. பதினைந்து வயது, விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

நான் பிராகோ. டூஃபிக்கு ஒன்பது வயது இளையவள். அம்மா போனபின் என்னைப் படிக்க வைத்தது அவள்தான். அந்தப் படிப்பை வைத்துத்தான் ஒரு உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு 'மூன்றாவது தலையணை' என்ற தொடரை எழுதிக்கொண்டிருந்தேன். கணவன் ஏமாற்றுகிறான், மனைவி பழி வாங்குகிறாள், அவ்வளவுதான் கதை. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வரும்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு டூஃபி என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கடை நேரத்தில் அவள் எங்கும் போகிறவள் இல்லை. உள்ளே வந்து உட்கார்ந்தாள். வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தேன், ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவள் தொடவில்லை.

"டெக்கிமான்லேருந்து ஒரு பொம்பள வந்தா," என்றாள். "அக்கா மகளுக்குக் கொழந்த பொறந்திருக்காம். பேர் வைக்கிறதுக்கு வெள்ளையில நீலம் போட்ட துணி வேணும்னா. ஆறு கஜம் கொழந்தையோட அம்மாவுக்கு. அப்பாவுக்குச் சட்டை தைக்க மூணு கஜம். அவருக்கு எந்த நீலம் பொருந்தும்னு கேட்டு போன எடுத்து அவரு போட்டோவக் காட்டுனா."

நான் அடுப்பை அணைத்தேன்.

"கொழந்தைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அப்ரெஃபி பொறந்தப்ப வச்சிருந்த மாதிரியே, தலைக்குக் கீழ ரெண்டு கையும் குடுத்து."

"நீ என்ன பண்ணின?"

"கடும் நீலம் அவருக்கு நல்லாருக்கும்னு சொன்னேன். அளந்து வெட்டிக் குடுத்தேன். கொழந்தைக்குன்னு ஒரு கஜம் கூடுதலா வச்சேன். அந்தப் பொம்பள என் கையப் புடிச்சு, உங்களுக்கும் கடவுள் ஒரு ஆம்பளப் புள்ளையக் குடுக்கட்டும்னு சொல்லிட்டுப் போனா."

அவள் அழவில்லை. முன்னங்கையில் துணிநூல் ஒட்டியிருந்தது, அதை எடுத்தபடி இருந்தாள்.

"அத்தான்கிட்டக் கேளு அக்கா. இன்னிக்கே கேளு."

"கேட்டா அது நடந்ததா ஆயிடும் பிராகோ. இப்போதைக்கு நான் மட்டும் பாத்த ஒரு போட்டோ அது. எனக்குக் கொஞ்ச நாள் வேணும். அவர விட்டுட்டு இருக்க முடியுமா, அவரோட இருக்க முடியுமான்னு நான் பாக்கணும். நீ யார்கிட்டயும் வாயத் தொறக்காத."

"தொறக்க மாட்டேன்."

வாயைத் திறக்கவில்லைதான்.

அந்த மாதம் தொடரின் பார்வையாளர்கள் பாதியாகக் குறைந்திருந்தார்கள். தயாரிப்பாளர் என்னை அழைத்து, "அம்மா, உன் கதாநாயகி மூணு வாரமா புருஷன் மேல சந்தேகப்பட்டு அழுதுக்கிட்டே இருக்கா. ஜனங்க வேற பக்கம் மாத்திட்டாங்க. ஈஸ்டருக்குள்ள ஏதாவது நடக்கணும். இல்லன்னா கடைய மூட வேண்டியதுதான்," என்றார். கதாநாயகிக்குத் தன் கணவனின் விஷயம் எப்படித் தெரியவருகிறது என்று நான் இரண்டு வாரம் யோசித்தேன். கடிதம், தொலைபேசி, பக்கத்து வீட்டுக்காரி. எதை எழுதினாலும் சப்பென்று இருந்தது. ஒரு நாள் காலையில் உட்கார்ந்து, துணிக்கடையில் நடப்பதாக எழுதிவிட்டேன். ஊரை மாற்றினேன். பெயர்களை மாற்றினேன். வாத்தியாரை வங்கிக்காரராக்கினேன். இனி இது டூஃபியின் கதை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு கஜத்தை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அதைவிட நல்லதாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. எழுதும்போது அழுதேன். அழுததால் அது சரியான காரியம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

டூஃபி அந்தத் தொடரைப் பார்ப்பதே இல்லை. ஞாயிறு மாலை அவள் அடுத்த வாரத்துக்கான குழம்பு வைப்பாள். அதை நம்பித்தான் இருந்தேன்.

அந்தக் காட்சி வந்த ஞாயிறு அவள் குழம்பு வைக்கவில்லை. ஐந்து வாரமாகத் தனக்குள்ளேயே வைத்திருந்ததை அன்று மாலை அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாளாம். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மச்சினி எழுதியது என்பதால் அசியாமா ஒரு வாரமும் விடாமல் பார்ப்பார்.

திரையில் ஒரு பெண் போனை நீட்டினாள். இன்னொரு பெண் நீலத் துணியை அளந்தாள். "கொழந்தைக்கு ஒரு கஜம் கூட வச்சிருக்கேன்," என்றாள்.

டெக்கிமானில் பெயர் வைத்த அன்று துணி வாங்கிப் போன அந்தப் பெண் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறாள், குமாசிக் கடைக்காரி குழந்தைக்கென்று ஒரு கஜம் சும்மா கொடுத்தாள் என்று. யார் அந்தக் கடைக்காரி என்று அசியாமா கேட்கவில்லை. சந்தையில் நூறு துணிக்கடை இருக்கிறது. இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் தொலைக்காட்சியை அணைத்தார். டூஃபி பின்னால் என்னிடம் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன்.

"எத்தன வாரமாத் தெரியும் உனக்கு?"

"அஞ்சு."

"அஞ்சு வாரமா எனக்குச் சோறு போட்ட. சட்டைய இஸ்திரி போட்டுக் குடுத்த. இது வரட்டும்னுதான் காத்திருந்தியா?"

"அப்ரெஃபி அப்பா, எனக்கு இது தெரியாது. நான் அவகிட்டச் சொன்னேன், அது உண்மை. எழுதச் சொல்லல."

"நீ என்னை அடிச்சிருக்கலாம் டூஃபி. உன் மாமன்மாரக் கூட்டிக்கிட்டு வந்து கேட்டிருக்கலாம். அவங்க கால்ல விழுந்திருப்பேன். அது எனக்கு வேண்டியதுதான். ஊரே பாக்கிற மாதிரி இப்படிச் செய்யணுமா?"

"நான் செய்யல."

அவர் நம்பவில்லை. அத்தனை வருடத்தில் டூஃபி அவரிடம் ஒரு பொய் சொன்னதில்லை. பொய் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். அதனாலேயே அவரால் நம்ப முடியாமல் போயிருக்கலாம்.

அப்படியும் அது வீட்டோடு போயிருக்கும். ஆனால் டூஃபியின் கடைக்கு அடுத்த கடை கொனாடுவுடையது. டெக்கிமான்காரி வந்து போனைக் காட்டியதையும், அவள் போன கையோடு டூஃபி பத்து மணிக்கே கடையைப் பூட்டியதையும் கொனாடு பார்த்திருந்தாள். ஞாயிறு தொடரையும் பார்த்தாள். திங்கள் காலை டூஃபி கடையைத் திறந்தபோது ஆறேழு பெண்கள் வாசலில் நின்றார்கள்.

"ஏ டூஃபி, உன் தங்கச்சியோட பேனாவ எனக்கு ஒரு வாரம் வாடகைக்குக் குடு," என்றாள் கொனாடு. "எங்க வீட்டு ஆளுக்கும் ரெண்டு வரி எழுத வேண்டியிருக்கு."

"சத்தமில்லாம இருந்தே ஆளச் சாச்சுட்டா பாரு," என்றாள் இன்னொருத்தி. "நாங்கன்னா கத்திக் கத்தியே தொண்டை போயிருக்கும்."

அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்காகச் சந்தோஷப்பட்டார்கள். ஒருத்தி கெங்கி என்ற சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் வாங்கிவந்து அவள் கையில் வைத்தாள். என் அக்கா அந்தப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் செய்யவில்லை என்று அங்கேயும் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

புதன்கிழமை பாடகர் பயிற்சிக்கு அசியாமா போனபோது பின்வரிசையில் யாரோ "எத்தன கஜம் வாத்தியாரே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் கையை இறக்கினார். சிரிப்பு நிற்கும்வரை காத்திருந்தார். அது நிற்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தவர், அதற்குப்பின் அந்த சர்ச்சுக்குள் போகவில்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு பையை எடுத்துக்கொண்டு டெக்கிமானுக்குப் பஸ் ஏறினார்.

அப்ரெஃபியின் விடுதியில் ஞாயிறு மாலை சாப்பாட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி போடுவார்கள். நான் அதை நினைக்கவே இல்லை. இருநூறு பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்து அவள் அதைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அன்று ஒன்றும் தெரியாது. சித்தி எழுதியது என்று பெருமையாகக் கைதட்டியிருக்கிறாள். இரண்டு வாரம் கழித்துத் தோழி ஒருத்தி வீட்டிலிருந்து கேட்டு வந்து சொன்னபோதுதான் காப்பாளரின் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, அன்னிக்கு நான் கைதட்டினேன்," என்றாளாம். வேறெதுவும் கேட்கவில்லையாம்.

டூஃபி என் வீட்டுக்கு வந்தது அதன் மறுநாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம். நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"எழுத எத்தன நாள் ஆச்சு?"

"ஒரு காலை."

"அழுதியா?"

"அழுதேன்."

தலையை ஆட்டினாள். "நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பொண்ணும் நல்லா நடிச்சா."

"அக்கா, நான் பண்ணினது…"

"இரு. ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன். அன்னிக்கு அவர் பக்கத்துல போய் உக்காந்தேன் இல்லையா? நான் சொன்னதும் அவர் என்ன சொல்லியிருப்பாரு, அதுக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்னு தினமும் யோசிக்கிறேன். மன்னிச்சிருப்பேனோ என்னவோ. போடான்னும் சொல்லியிருப்பேனோ என்னவோ. எதுவா இருந்தாலும் அது என்னோடதா இருந்திருக்கும். இப்ப எனக்கே தெரியாமப் போச்சு பிராகோ. நான் எப்படிப்பட்டவள்னு எனக்கே தெரியாமப் போச்சு."

எழுந்து போனாள்.

நான் டெக்கிமானுக்குப் போனேன். அத்தானைப் பார்த்து உண்மையைச் சொன்னால் பாதியாவது சரியாகும் என்று நினைத்தேன். சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. கதவைத் திறந்தவள் போக்குவா, அந்தக் குழந்தையின் அம்மா. இருபத்தாறு வயதிருக்கும். முதுகில் குழந்தையைக் கட்டியிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் ஒதுங்கி வழி விட்டாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அசியாமா உள்ளே உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார்.

"அக்காவுக்குத் தெரியாது அத்தான். நான் திருடினேன். சாமி சத்தியமா."

"யோசிச்சுப் பாத்தப்பவே தெரிஞ்சுது," என்றார். "டூஃபி அப்படிச் செய்றவ இல்ல. ரெண்டு நாள்ல தெரிஞ்சுது."

"அப்ப வாங்க. வந்து அவகிட்டச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது? நான் செஞ்சதும் போதாம, அவ செய்யாததையும் அவமேல போட்டுட்டு வந்திருக்கேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தத் தெருவுல நடக்கிறது?" கைகளைப் பார்த்தபடி சொன்னார். "இந்தக் கொழந்தைய விட்டுட்டு வரவும் முடியாது. அதுவும் உண்மை."

கிளம்பும்போது போக்குவா வாசல்வரை வந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "உங்க தொடர்ல அந்தச் சின்ன வீட்டுக்காரி எப்பப் பாத்தாலும் சிரிக்கிறா. கொழாயடிக்குப் போனா எல்லாரும் என்னைப் பாத்து அப்படிச் சிரிச்சுக் காட்டுறாங்க. அவருக்குக் கல்யாணம் ஆனது எனக்குத் தெரியும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் ஒரு நாளும் சிரிச்சதில்ல."

அந்தச் சிரிப்பை எழுதிய நாட்களில் ஒருமுறைகூட இவளை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை எங்கள் மாமா வீட்டு முற்றத்தில் இரண்டு குடும்பமும் கூடியது. சேர்ந்து வாழச் சொல்லிப் பெரியவர்கள் மூன்று முறை கேட்டார்கள், வழக்கப்படி. அசியாமா தலைகுனிந்து, "தப்பு முழுக்க என்னோடது. அவளுக்கு விடுதலை குடுங்க," என்றார். டூஃபியைக் கேட்டார்கள். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் ஒருமுறை நிமிர்ந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அவர் நிமிரவில்லை. "சரி," என்றாள். அசியாமாவின் மாமா, விடுதலைக்கு அடையாளமாக வெள்ளைப் பொடி எடுத்து அவள் தோளில் தூவினார். பத்தொன்பது வருடக் கல்யாணம் அதோடு முடிந்தது. பொடியைத் தட்டிவிடாமலே அவள் நடந்து வீட்டுக்குப் போனாள்.

நான் தொடரை விட்டுவிட்டேன். வேறொருவர் எழுதினார். கதாநாயகி பெயர் வைக்கும் விழாவுக்குள் புகுந்து கணவனை ஊரார் முன்னால் நிறுத்தி அவமானப்படுத்தினாள். வீட்டை வாங்கினாள், காரை வாங்கினாள், அவன் வேலையையும் பறித்தாள். அந்த அத்தியாயம் வந்த ஞாயிறு மாலை எங்கள் தெருவில் வீடுவீடாகக் கைதட்டல் கேட்டது. இப்போது நான் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன்.

டூஃபியைப் பார்க்க மாதத்துக்கு ஒருமுறை சந்தைக்குப் போகிறேன். முதல் தடவை போனபோது துரத்திவிடுவாள் என்று பயந்தேன். அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க," என்றாள். "என்ன துணி பாக்கணும்?"

பிறந்ததிலிருந்து என்னை 'ஏய்' என்று கூப்பிட்டவள். தலையில் குட்டுவாள், பின்னிவிடும்போது முடியை இழுப்பாள். சும்மா பார்க்க வந்தேன் அக்கா என்றேன்.

"தாராளமாப் பாருங்க," என்றாள், எல்லாரிடமும் பேசுகிற அதே மரியாதையோடு. பக்கத்தில் நின்ற வேறொரு பெண்ணிடம் திரும்பி, அவளுக்கு வேண்டிய மஞ்சளைத் தேட ஆரம்பித்தாள்.

ஒன்றரை வருடம் ஆகிறது. இன்னமும் 'வாங்க' என்கிறாள், 'உக்காருங்க' என்கிறாள். அப்ரெஃபி நன்றாகப் படிக்கிறாள் என்று கொனாடு சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். போன மாதம் என் இருமலைக் கேட்டு ஒரு கணம் அவள் கை நின்றது. ஏதோ சொல்ல வந்தாள். பிறகு துணியை மடித்து அடுக்கில் வைத்தாள்.