ஆற்றோடு வந்த பெட்டி

அந்த வருஷம் உசுமசிந்தா ஆறு சத்தம் போடாமல் ஏறியது. நம் பக்கம் மழை அதிகமில்லை. மேலே, மலைகளில் எங்கோ பெய்த மழை. காலையில் வாழைமரங்களுக்கு நடுவே யாரோ கண்ணாடியை விரித்து வைத்ததுபோல் தண்ணீர் கிடந்தது. மத்தியானத்துக்குள் கோழிகள் கூரையில் இருந்தன.

நிக்கானோருக்கு ஆற்றங்கரையில் சின்னத் தோட்டம். கொஞ்சம் கொக்கோ, கொஞ்சம் வாழை, வேலியோரம் வரிசையாகத் தேனீப் பெட்டிகள். அவனே பலகை அறுத்து, ஆணி அடித்து, நீலச் சாயம் பூசியவை. கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷன், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். பெட்டிகளை எல்லாம் உயரமான பலகைமேல் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினான். ஆற்றில் மிதந்து வந்த மரமொன்று பலகைக்கால்களை இடித்துச் சாய்த்தபோது அவன் கூரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், ஊர்வலம் போவதுபோல ஆற்றோடு போயின.

தண்ணீர் ஏறுவது நின்றதும் பக்கத்து வீட்டுப் படகைக் கடன் கேட்டு வாங்கினான். அக்கா லூதிவினாதான் அவனுக்குச் சமைத்துப் போடுபவள். அவள் ஏணியில் நின்றபடி கத்தினாள்.

"மாட்டைத் தேடிப் போறவனப் பாத்திருக்கேன். பன்னியத் தேடிப் போறவனயும் பாத்திருக்கேன். ஈயத் தேடிப் போறவன இப்பத்தான்டா பாக்குறேன்!"

"கெடச்சா தேன் கேக்காத."

"கெடச்சா பாப்போம், போ!"

மேய்ச்சல் நிலங்களுக்கு மேலே துடுப்புப் போட்டுப் போனான். படகுக்கடியில் முள்வேலிகள் தெரிந்தன. வேலிக்கம்பிகளுக்கு நடுவே மீன்கள் போய் வந்தன. மரக்கிளைகளில் உடும்புகள் பழம்போலத் தொங்கின. ஒரு மாதாகோவிலின் கதவு பாதிவரை தண்ணீரில் நின்றது. உள்ளே பெஞ்சுகள் மெதுவாக ஒன்றையொன்று தொட்டு விலகும் சத்தம். கொஞ்ச தூரத்துக்கொருமுறை துடுப்பை எடுத்துவிட்டு, கண்ணை மூடிக் காதுகொடுத்தான். தேனீக்களின் ஒரு முனகல்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. காற்று மட்டும் வந்தது. முள்மரத்தில் சிக்கியிருந்த இரண்டு பெட்டிகளைப் பார்த்தான். திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடினான்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, ஆறு வளையும் இடத்தில் ஒரு வீடு. கீழ்ப்பாதி தண்ணீருக்குள். கூரைக்கடியில் பரண் ஜன்னல் திறந்திருந்தது. அந்த ஜன்னலுக்குள்ளே தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன, சொந்த வீட்டுக்குப் போய்வருவதுபோல.

படகைச் சுவரோரம் சேர்த்தான். ஜன்னலில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"யாரு?"

"நிக்கானோர். மேலாத்துலேர்ந்து வர்றேன். உள்ள இருக்கறது என் பெட்டி, டோன்யா," என்றான், மரியாதையாக 'அம்மா' என்பதுபோல.

"ஓ. ஒங்க ஈதான் என் கண்ணக் கொட்டுச்சா?"

அவள் பெயர் பிரிஸ்க்கா. புருஷன் செத்துப் பல வருஷம். தனியாக மாடு வைத்துப் பிழைப்பவள். வெள்ளத்தன்று பரணில் மக்காச்சோள மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு நீலப் பெட்டி மிதந்து வந்து சுவரை இடித்ததாம். காதை வைத்தால் உள்ளே யாரோ கூட்டமாக ஜெபமாலை சொல்வதுபோல் கேட்டதாம்.

"குழந்தையோட சவப்பெட்டின்னு நெனச்சேன், பயந்துட்டேன். அப்பறம் யோசிச்சேன், செத்தவங்க எங்க ஜெபம் பண்றாங்க? கொக்கி போட்டு இழுத்துட்டேன்."

நிக்கானோர் ஜன்னல் வழியாக ஏறிப் பார்த்தான். மெத்தைமேல் பெட்டி. அவள் படுப்பது உத்தரத்தில் கட்டிய வலைத் தூளியில். ஒரு தட்டில் வெல்லத் தண்ணீர். ஈக்கள் மூழ்காமலிருக்க அதில் துடைப்பக்குச்சிகளை ஒடித்துப் போட்டிருந்தாள். பெட்டியின் கீழ்த்தட்டு சேறாகிப் போயிருந்தது. மேல்தட்டில் ஒரு கைப்பிடிக் கூட்டம் ராணியைச் சுற்றி நெருக்கியடித்து உயிரோடு இருந்தது. அவன் நீலப் பலகையைத் தடவிப் பார்த்தான்.

"என்னோடதுதான்," என்றான். "நாந்தான் செஞ்சேன்."

"என் செவலப் பசுவும் ஆத்தோட போச்சு. கீழ எங்கயோ எவன் வீட்டுலயோ இந்நேரம் கன்னு போட்டிருக்கும். அவன் திருப்பிக் கொண்டாந்தானா? ஆறு எங்கிட்டேருந்து எடுத்துச்சு, இதக் குடுத்துச்சு. ஒங்களுக்கு வேணும்னா ஆத்துக்கிட்டப் போய்க் கேளுங்க."

அவனுக்குக் கோபம் வந்தது. ஆனால் பெட்டியை எங்கே கொண்டுபோவது? அவன் தோட்டத்தில் ஒரு முழம் காய்ந்த நிலம் இல்லை. அவள் மக்காச்சோளமும் கொக்கோவும் கரைத்த போசோலை ஒரு குடுக்கையில் நீட்டினாள். வாங்கிக் குடித்தான். தண்ணீர் வடியும்வரை பெட்டி அங்கேயே இருக்கட்டும் என்று பேசிக்கொண்டார்கள். யாருடையது என்பதைப் பேசி முடிக்கவில்லை.

தண்ணீர் வடிய மாசங்கள் ஆயின. நிக்கானோர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். முதலில் பெட்டியைப் பார்க்க. பிறகு சேறு வாரி வெளியே கொட்ட, கதவைத் திரும்ப மாட்ட. மத்தியானம் பரணில் அவள் தூளியிலும் அவன் மூட்டைமேல் சாய்ந்தும் கண் அயர்வார்கள். நடுவில் பெட்டி முனகிக்கொண்டிருக்கும். தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று தெரியாத நேரம் அது. அப்படி ஒருநாள் அவள், "பகல் முழுக்க இவளுங்க என்னதான் பேசிக்கறாளுங்க?" என்று கேட்டாள். அவன் தூங்கிவிட்டவன்போல இருந்துவிட்டான். பதில் சொன்னால் அந்த மத்தியானம் கலைந்துவிடும் என்று தோன்றியது.

"ஏண்டா, ஒத்தப் பெட்டிக்கு இவ்வளவு தூரமா?" என்றாள் லூதிவினா. "அந்த ஈக்கு மீசைய வேற வெட்டிக்கிட்டுப் போறியே!"

நிலம் காய்ந்ததும் பெட்டியை முற்றத்தில் மகுயிலிஸ் மரத்தடிக்கு இறக்கினார்கள். மார்ச்சில் மரம் ஓர் இலைகூட இல்லாமல் மொத்தமும் இளஞ்சிவப்பாகப் பூத்தது. தரை, தொட்டி, மாட்டின் முதுகு எல்லாவற்றிலும் பூ. பெட்டி நிரம்பி வழிந்தது; மேலே இன்னொரு தட்டு வைத்தார்கள். முதல் தேனடையைப் பிரிஸ்க்காதான் வெட்டினாள். வெளிறிய தேன். விரலில் எடுத்து வாயில் வைத்தாள். பிறகு, "வீடு கழுவி விட்ட மாதிரி இருக்கு," என்றாள்.

அதற்கடுத்த ஞாயிறு அவன் வந்து இறங்கும்போது அவள் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஓடிப் போறாளுங்க! பாருங்க, எல்லாம் ஓடிப் போறாளுங்க!"

பெட்டியிலிருந்து ஈக்கள் புகைபோலப் பொங்கி, மரத்தைச் சுற்றிச் சுழன்று, பூக்களுக்கு நடுவே ஒரு கிளையில் கொத்தாகத் தொங்கின. அவள் கண் கலங்கியிருந்தது. "நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"ஒரு தப்பும் இல்ல. வீடு நெறஞ்சுபோச்சு, அதான். பழைய ராணி பாதிக் கூட்டத்தோட கெளம்புவா. பெட்டில மிச்சம் இருக்கறவங்களுக்குப் புது ராணி வந்துடுவா."

"பழைய ராணின்னா? வெள்ளத்துல வந்தவளா?"

"அவளேதான். அன்னிக்கு அவகூட வந்த ஈ ஒண்ணுகூட இப்ப இல்ல. அதுங்களுக்கு ஆயுசு அவ்வளவுதான். இங்க இருக்கறதெல்லாம் அப்பறம் பொறந்ததுங்க."

பிரிஸ்க்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

"அப்படின்னா ஆத்தோட வந்தது அந்த ஒருத்திதான். அவ ஒங்களோடவ, கூட்டிட்டுப் போங்க. பெட்டில இருக்கறதெல்லாம் என் வீட்டுல பொறந்ததுங்க. அதுங்க என்னோடது."

நிக்கானோர் வாயைத் திறந்தான். சிரிப்புதான் வந்தது. அவள் கீழே ஒரு மரப்பெட்டியைப் பிடிக்க, அவன் ஏறிக் கிளையை ஒரு உலுக்கு உலுக்கினான். கூட்டம் ஈரத்துணிபோலத் தொப்பென்று விழுந்தது. கூடவே பூ மழை. இருவர் தலையிலும் தோளிலும் பூவும் ஈயும். யாரையும் ஒன்றும் கொட்டவில்லை.

அந்த மரப்பெட்டியைச் சாக்கால் மூடிப் படகில் வைத்தான். துடுப்பை எடுத்தவன், தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான்:

"கணக்குத் தீந்துபோச்சு, டோன்யா. இனிமே எனக்கு இங்க வேலை இல்ல."

"வேலை இருந்தாத்தான் வருவீங்களா?"

அவன் நிமிர்ந்தான். அவள் படகின் முனையைப் பிடித்துக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் நின்றாள். பிடியை விடவில்லை.

"ஞாயித்துக்கிழமை மீன் சுடுவேன்," என்றாள். "அக்காவையும் கூட்டிட்டு வாங்க. அந்தம்மா வாயப் பத்தி நெறயக் கேட்டிருக்கேன், ஒரு தடவ நேர்ல கேக்கணும்."

அப்புறந்தான் தள்ளிவிட்டாள். நிக்கானோர் கரையோரமாக, நீரோட்டத்தை எதிர்த்து மெதுவாக வலித்துப் போனான். சாக்குக்கடியிலிருந்து வந்த முனகல் படகுப்பலகையில் ஏறி, அவன் முழங்கால் வழியாக நெஞ்சுவரை வந்துகொண்டிருந்தது.