இருமல் வரும் ஜன்னல்

"புது ஜன்னல் போட்டா எதிர்வீட்டுத் தையல் தாத்தாவோட இருமல் எங்கே போகும்ப்பா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"வெளியிலேயே இருந்துக்கும்" என்று சொல்லி அவன் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை. ஆனால் ஜன்னல்களை மாற்றியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவளும் அவள்தான். மழை வந்தால் தரையைத் துடைத்தே அவள் இடுப்பு ஒடிந்தது. பார்க்க வந்த தச்சர், கட்டை உறுதியானது, அடிச்சட்டத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றார்.

"போன மழைக்கும் இதையேதான் சொன்னீங்கண்ணே. கட்டை நல்லாத்தான் இருக்கு, என் இடுப்புதான் போச்சு."

தச்சர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு பொத்தானை விழுங்கி மூச்சடைத்துப் போனாள். அவன் வேலைக்குப் போயிருந்த நேரம். மனைவியின் அலறல் படுக்கையறை ஜன்னல் வழியாகத் தெருவைத் தாண்டிக் கேட்டது. எதிர்வீட்டுத் தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்து, குழந்தையைக் கவிழ்த்து முதுகில் தட்டி உயிரை மீட்டார். பிறகு அவன் நன்றி சொல்லப் போனபோது, "அது என் கடைப் பட்டன் இல்லையே தம்பி?" என்று கேட்டுச் சிரித்து அனுப்பிவிட்டார். இப்போது அவர் தனியாக இருக்கிறார். தையலைவிட இருமல்தான் அதிகம்.

புது ஜன்னல்கள் வந்த அன்று, ஆட்கள் கூடத்து ஜன்னலைப் பொருத்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள். மனைவி பள்ளிக்கூட வாசலில் மகளுக்காகக் காத்திருப்பாள். அவன் புது ஜன்னலைச் சாத்திப் பார்த்தான். தெரு வாயடைத்துப் போனது. எவ்வளவு நிம்மதி!

படுக்கையறைக்குள் போனால், பழைய ஜன்னல் டக், டக் என்றது.

"இன்னிக்கோட உன் கதை முடிஞ்சுது" என்று அதன் கொக்கியை விரலால் அழுத்திப் பிடித்தான்.

சத்தம் நிற்கவில்லை.

விரலுக்கடியில் கொக்கி அசையவே இல்லை. வெளியே காற்றும் இல்லை. எதிரிலிருந்து இருமலும் இல்லை. செருப்புகூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடினான்.

தையல் மெஷினின் காலடியில் அவர் விழுந்து கிடந்தார். குரல் எழும்பவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. மர ஸ்கேலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்த கை, அவனைப் பார்த்ததும் மேஜையைக் காட்டியது. அங்கே, எட்டாத உயரத்தில், இன்ஹேலர். அவரைத் தூக்கி உட்கார்த்தி வாயில் வைத்து அழுத்தினான். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினான். நெஞ்சு கீச்சென்று ஏறி நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

நனைந்திருந்த உடையை மாற்றிவிட்டான். தரையையும் துடைத்தான். சாயங்காலம் தானே டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னான். அவர் தலையாட்டினார்.

"நான் கெடந்த கோலம் உங்களோட இருக்கட்டும் தம்பி."

"எந்தக் கோலம்?" என்றான் அவன்.

திரும்பி வந்து, படுக்கையறை ஜன்னலைத் தொடவேண்டாம் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டான். தச்சருக்குச் சொல்லி அனுப்பினான்: அடிச்சட்டம் மட்டும், இறுக்கிவிட வேண்டாம்.

"கடைசியில உங்க கஞ்சத்தனமே ஜெயிச்சிருச்சாக்கும்" என்றாள் மனைவி.

"அப்படியே வச்சுக்கோ."

அடுத்த மழையில் சாரல் உள்ளே வந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அவன் மண்டியிட்டுத் தரையைத் துடைத்தான். எதிரில் இருமல் கேட்டது. எழுந்து, ஜன்னல் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு, மறுபடி துடைக்கத் தொடங்கினான்.