நானூற்றுப் பதினேழாம் வீட்டுக்கு இன்னொரு வேளை

கல்பகத்துக்கு நாலு பேரை உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்று ஆசை. உட்காரத்தான் ஆளில்லை. கணவர் புருஷோத்தமனுக்குக் காஞ்சன்பாக் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை; மத்தியானம் கேன்டீன், ராத்திரி இரண்டு சப்பாத்தி. கல்லூரிக்குப் போகும் மகன் நிகிலிடம் என்னத்தை நீட்டினாலும் ஒரே பதில்தான்: "நக்கோ அம்மா." வீட்டில் தமிழ் புரியும், பேசுவது இங்கிலீஷ். வேண்டாம் என்பதை மட்டும் தான் பிறந்த இந்த ஊரின் உருதுவில் சொல்லிவிட்டுப் போவான். காலையில் கட்டிக்கொடுத்த டப்பா சாயங்காலம் மூடி திறக்காமல் திரும்பி வரும்.

அந்த டப்பாவின் முகத்தில் விழிப்பதைவிட வேலைக்காவது போகலாம் என்று, 2005இல், நாற்பத்தாறாவது வயதில், மல்லாபூரில் ஒரு டேட்டா என்ட்ரி கம்பெனியில் சேர்ந்தாள். பெயின்ட் தொழிற்சாலைக்கு மேல்மாடி, தகரக் கூரை, அறுபது கம்ப்யூட்டர். சூப்பர்வைசர் ராமசுவாமி அதையும் கூசாமல் "நம்ம ஐ.டி. ஃபீல்டு" என்றுதான் சொல்லிக்கொள்வார்.

ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டில் மழை பொய்த்துவிட்டது. எந்த நாடு என்று இவர்களுக்குச் சொல்லவில்லை. ஸ்கேன் செய்து வரும் படிவங்களில் ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பட்டை. வீட்டு எண் மட்டும் தெரியும். மாதம் ஒரு தடவை அங்கே ஒருவர் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவார். நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? சாப்பாட்டுக்காக எதை விற்றீர்கள்? அந்தக் கையெழுத்தைப் பார்த்து இங்கே கட்டத்தில் தட்ட வேண்டும். ஒவ்வொரு படிவத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டுவார்கள். இன்னொருவர் யார் என்று யாருக்கும் தெரியாது. இரண்டும் ஒத்துப்போனால் திரையில் பச்சை. போகாவிட்டால் சிவப்பு வரும், ராமசுவாமி படிவத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

கல்பகத்தின் பங்குக்கு வந்த நூறு வீடுகளில் ஒன்று நானூற்றுப் பதினேழு. ஒரு பெண், நாலு குழந்தைகள். ஆகஸ்டில் இரண்டு வேளை, ஆட்டை விற்றிருந்தாள். செப்டம்பரில் ஒரு வேளை; மண்வெட்டியையும் விற்றுவிட்டாள். குறிப்புக் கட்டத்தில், கேட்க வந்த ஆள் இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'என்னை உட்காரச் சொன்னாள். சாப்பிடக் கொடுக்க ஒன்றுமில்லை என்று வெட்கப்பட்டாள்.'

கல்பகத்துக்கு அதற்கு மேல் தட்ட முடியவில்லை. கைப்பிடி மாவு இல்லாத வீட்டில் வந்தவனை உட்காரச் சொல்கிறாளே, இவள் நம் ரகமல்லவா என்று தோன்றியது. அன்றிலிருந்து சோற்றைப் பிசையும்போதெல்லாம் அவள் ஞாபகம்தான். முகம் தெரியாது, பெயர் தெரியாது. ஒரே ஒரு தடவை அவளை எதிரே உட்காரவைத்து, போதும் போதும் என்று கையை மறிக்கிற வரைக்கும் போட வேண்டும் என்று ஏங்கினாள்.

அக்டோபர் படிவத்திலும் ஒன்று என்றுதான் இருந்தது. கல்பகம் இரண்டு என்று தட்டினாள். கை தவறவில்லை, வேண்டுமென்றேதான் தட்டினாள். சிவப்பு வரட்டும், ராமசுவாமி நாலு வார்த்தை சொல்லட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று தயாராக உட்கார்ந்திருந்தாள். பச்சை வந்தது.

அந்த ஹாலில் இன்னும் ஒரு ஜீவன் அதே இடத்தில் அதே பொய்யைத் தட்டியிருக்கிறது! கல்பகத்துக்கு உடம்பு சிலிர்த்தது. யாராயிருக்கும் என்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். எல்லாத் தலைகளும் உத்தமமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நவம்பர் முதல் தேதியும் அப்படியே. ஒன்று என்றிருந்தது, இரண்டு தட்டினாள், பச்சை. வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தாள். என்ன விசேஷம் என்று புருஷோத்தமன் கேட்டதற்குச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து ராமசுவாமி எல்லாரையும் கூப்பிட்டு, ஒரு மெயிலைப் பெருமையாகப் படித்தார். இவர்கள் தட்டிக் கொடுக்கும் கணக்கை வைத்துத்தான் அங்கே இலவச மக்காச்சோளம் கொடுக்கிறார்களாம். தொடர்ந்து இரண்டு மாதம் இரண்டு வேளை சாப்பிட்ட வீடுகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அதைவிடப் பசித்த வீடுகளைச் சேர்க்கிறார்களாம். எல்லாரும் கை தட்டினார்கள். நானூற்றுப் பதினேழுக்கு அக்டோபரிலும் நவம்பரிலும் இரண்டு போட்டவள் கல்பகம். ஆசை ஆசையாய் ஊட்டினோம் என்று நினைத்தாளே, இலையையே எடுத்துவிட்டாள்.

கூட்டம் கலைந்ததும் ராமசுவாமியிடம் போய் ஒப்புக்கொண்டாள். அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"ரெண்டு என்ட்ரியும் மேட்ச் ஆயிடுச்சு மேடம். பச்சை வந்தா ஸ்கேனே இருக்காது, அன்னிக்கே அழிஞ்சுடும். இப்போ எதுக்கு இதைக் கிளறணும்?"

"அவ பேரை எடுத்துட்டாளே சார். நாலு குழந்தைகள்."

"நீங்க ஒருத்தர் சொன்னா கிளையன்ட் நம்பமாட்டான். ரெண்டாவது ஆளும் எழுதிக் கொடுக்கட்டும், அனுப்பறேன். அது யார்னு நான் சொல்ல முடியாது. எழுதிக் கொடுத்தா அடுத்த ரவுண்டோட ரெண்டு பேருக்கும் வேலை கிடையாது. அதையும் இப்பவே சொல்லிடறேன்."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அத்தனை பேர் நடுவே கல்பகம் எழுந்து நின்றாள்.

"நானூத்திப் பதினேழுக்கு ரெண்டு போட்டது யாரு? நானும் போட்டேன். அதனால அவளுக்குக் குடுத்துண்டிருந்த மக்காச்சோளத்தை நிறுத்திட்டா. நீங்களும் எழுதிக் குடுத்தாத்தான் திரும்பக் குடுப்பாளாம்."

டப்பாக்களில் ஸ்பூன் சத்தம் நின்றது. நாலு மணி வாக்கில், மேல்விஷாரத்திலிருந்து வந்திருந்த ஃபாத்திமா, கல்பகத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இருபத்தாறு வயது. கணவன் வேலை பார்த்த கம்பெனியை மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது. இவள் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தான் மாமி. ரெண்டு தடவையும் நோன்பு வச்சிருந்தேன். சாயங்காலம் ஆனா எனக்குச் சாப்பாடு நிச்சயம். அவங்களுக்கு ஒண்ணுன்னு தட்ட விரலே வரல."

கல்பகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேலை போயிடும்டி."

"தெரியும் மாமி. எங்க எழுதணும்னு சொல்லுங்க."

இரண்டு பேரும் எழுதிக் கொடுத்தார்கள். ராமசுவாமி முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார். மூன்று வாரம் பதிலே இல்லை. கல்பகம் தினமும் அவர் மேஜைப் பக்கம் போய் நிற்பதும், அவர் உதட்டைப் பிதுக்குவதும் வழக்கமாகிப் போனது.

டிசம்பர் முதல் வாரம், காலையிலேயே ராமசுவாமி அவளைத் தேடி வந்தார். "வந்துடுச்சு மேடம். ஜனவரியிலேர்ந்து நானூத்திப் பதினேழுக்குத் திரும்பக் கொடுக்கறாங்க." கல்பகம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த மாதப் படிவங்களைத் திறந்தாள். தன் வீட்டைத் தேடினாள். வேளைக் கட்டத்தில் ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. அதற்குப் பதிலாக ஒன்பது என்று எழுதியிருந்தது. வீட்டில் யாரும் இல்லை என்று அர்த்தம்.

குறிப்பில் இரண்டு வரி இருந்தது. 'சென்ற மாதம் மக்காச்சோளம் கிடைக்கவில்லை. சாப்பாடு தேடிக் குழந்தைகளுடன் நெடுஞ்சாலைப் பக்கம் போய்விட்டாள். திரும்பி வருவேன் என்று பக்கத்து வீட்டில் பானையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.'

மூட்டை வரப்போகிறது, வாங்க அவள் இருக்கமாட்டாள். ஆளில்லாத வீட்டின் பங்கை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். பிழை இவர்களுடையது, நடப்பவள் அவள். எந்தச் சாலையில், எந்த வெயிலில், எந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாளோ! கல்பகத்துக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. அழவில்லை. எழுந்து நேராக ஃபாத்திமாவின் இடத்துக்குப் போனாள். ஒரே படிவத்தைத் தட்டுபவர்கள் பேசிக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். வேலையே இந்த வாரத்தோடு முடிகிறது, இனிமேல் என்ன சட்டம்?

"ஒன்பது போட்டுட்டேன் மாமி," என்றாள் ஃபாத்திமா. அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"போட்டது சரிதான். குறிப்பை அங்கே படிப்பாளோன்னோ?"

"படிப்பாங்க. அதைப் பார்த்துத்தான் மூட்டை இறக்குவாங்களாம்."

"அப்போ அந்த ரெண்டு வரிக்கும் கீழே இன்னொரு வரி சேர்ப்போம். ஓர் எழுத்து மாறப்படாது. ரெண்டு பேரும் ஒண்ணாப் போட்டாத்தான் பச்சை வரும்."

ஃபாத்திமா ராமசுவாமி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, விசைகளின் மேல் விரலை வைத்தாள். கல்பகம் குனிந்து மெதுவாகச் சொன்னாள். அவளுடைய மூட்டையைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள், அவள் வருவாள் என்று இங்கிலீஷில் எட்டுப் பத்து வார்த்தை.

"சின்ன எழுத்தா, பெரிய எழுத்தா மாமி?"

"எல்லாமே பெரிய எழுத்தாப் போடு. எவ்வளவு தூரம் போயிட்டாளோ."