திரைக்குள் ஒரு கோழிக்குஞ்சு

சாவிக்கொத்தில் தொங்கும் முட்டை வடிவப் பொம்மையின் சிறு திரையில் கோழிக்குஞ்சு வளர்ப்பதுதான் அந்த ஆண்டு எங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்திருந்த பித்து. குஞ்சு கத்தும்போதெல்லாம் பொத்தானை அழுத்தித் தீனி போடவேண்டும், மறந்தால் இறந்துவிடும். ஆசிரியர்கள் நாங்கள் வகுப்புக்குள் அதற்குத் தடை போட்டோம். ஆகவே, தையற்காரரின் மகள், வாயாடி என்று நாங்கள் செல்லமாக அழைத்தவள், தன் குஞ்சைத் தந்தையின் கடையில் ஒப்படைத்துவிட்டுப் பள்ளிக்கு வந்தாள்.

மாலையில் கடைக்குத் திரும்பியவள் திரையைப் பார்த்து அலறினாள். "அப்பா, குஞ்சு எங்க? வெறும் முட்டைதான் இருக்கு!"

"ஓயாம கத்துச்சும்மா. பாவம், கொஞ்சம் தூங்கட்டுமேன்னு பேட்டரியக் கழட்டி வச்சேன். இப்பதான் மாட்டினேன்."

"ஐயோ, அப்படிப் பண்ணினா செத்துடும்ப்பா! எவ்ளோ ஆசையா வளர்த்தேன்!"

தையற்காரர் திகைத்துப்போனார். கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி வைத்துவிட்டு, துக்கவீட்டில் அமர்வதுபோல் அவளருகே தரையில் அமர்ந்தார்.

அப்போது திரையில் முட்டை வெடித்தது. புதுக் குஞ்சொன்று கத்தத் தொடங்கியது.

"இது வேற குஞ்சு. எனக்கு வேணாம்."

"வேணாம்னா விடுடா கண்ணு. ஆனா அதுக்குப் பசிக்குதே, நான் என்ன பண்ண?"

வாயாடி மூக்கை உறிஞ்சினாள். பிறகு தந்தையின் விரலைப் பிடித்து, தீனிப் பொத்தானின்மேல் வைத்து அழுத்தினாள்.